பெரியம்மா எழுந்து வெளியே போனால் போதுமா?

கேள்வி:

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர் எங்களுடையது. எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்து வெளியூர், வெளிநாடு என்று போனவர்கள் சேர்ந்து ஒரு கல்வி அறக்கட்டளை நடத்துகிறார்கள். பிளஸ் டூ முடித்து மேலே படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு வருடாவருடம் உதவித்தொகை உண்டு. இந்த வருடம் 25 பேருக்குத்தான் பணம் இருக்கிறது. விண்ணப்பங்கள் 70 வந்துவிட்டன. தேர்வுக் குழுவில் ஒன்பது பேர். ஓய்வுபெற்ற ஆசிரியை என்பதால் என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். விண்ணப்பம் வாங்குவது, சரிபார்ப்பது, கட்டி எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போவது எல்லாம் என் வேலை.

இந்த முறை என் தங்கை மகளும் விண்ணப்பித்திருக்கிறாள். நர்சிங் சேரப்போகிறாள். நல்ல மதிப்பெண். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், வண்டிக்கடன் இன்னும் முடியவில்லை. நான் குழுவில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். தலைவர், “உங்க புள்ள பேப்பர் வரும்போது எந்திரிச்சு வெளிய போயிருங்க டீச்சர், அது போதும்” என்கிறார். பொருளாளரோ, “ஊரே சொந்தக்காரங்க. இதையெல்லாம் பாத்தா குழுவே நடத்த முடியாது” என்கிறார். என் கணவர் ராஜினாமா செய்துவிடச் சொல்கிறார். தங்கை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் நான் குழுவில் இருப்பதாலேயே தன் மகளுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று அவள் பயப்படுவது தெரிகிறது. கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நான் என்ன செய்யவேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

சகோதரி, ராஜினாமா வேண்டாம். எழுந்து வெளியே போவதும் போதாது. இந்த ஆண்டுத் தேர்விலிருந்து முழுக்க விலகிக்கொண்டு, உங்கள் இடத்தில் வேறொருவரை உட்காரவைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் நாற்காலிக்குத் திரும்பி வாருங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் தலைவர் சொன்ன வழியைத்தான் நம் ஊர்க் குழுக்கள் நேர்மையான வழி என்று நம்பிக்கொண்டிருக்கின்றன. நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன்.

கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு, எங்கள் பக்கத்தில் இதே போன்ற ஒரு உதவித்தொகைக் குழுவில் இருந்தேன். பள்ளி நூலக அறையில் கூட்டம். ஆளுக்கு ஒரு கோடு போட்ட தாள், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடவேண்டும். என் மைத்துனர் மகனின் விண்ணப்பம் வந்தபோது எழுந்து வெளியே போனேன். தண்ணீர்த் தொட்டி பக்கம் நாலைந்து நிமிடம் நின்றேன். கூப்பிட்டார்கள், வந்து உட்கார்ந்தேன். அடுத்ததாக வந்தது பஞ்சாலைக்கு வேலைக்குப் போகும் ஒரு அம்மாவின் மகள் விண்ணப்பம். அந்தப் பெண்ணுக்கு 6 போட்டேன். இறுதிப் பட்டியலில் என் மைத்துனர் மகன் கடைசி ஆள், அந்தப் பெண் காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். நடுவே இருந்த வித்தியாசம் ஒரு மதிப்பெண்கூட இல்லை.

மனதறிந்து நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் அந்த 6 ஏன் 7 ஆகவில்லை என்று இன்றுவரை எனக்கே சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா வந்து கேட்டிருந்தால் அவருக்கும் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது.

பணம் 25 பேருக்கு என்று எல்லை கட்டியிருக்கும்போது, ஒரு பிள்ளைக்குக் கூடுவதும் இன்னொரு பிள்ளைக்குக் குறைவதும் ஒரே கணக்குதான். உங்கள் தங்கை மகளின் தாள் வரும்போது நீங்கள் அறையில் இல்லை, சரி. மற்ற 69 பேருக்கு மதிப்பெண் போடும்போது இருக்கிறீர்களே! அந்த 69 தாள்களிலும் நீங்கள் போடும் ஒவ்வொரு எண்ணும் அவளுடைய இடத்தை மேலேயோ கீழேயோ நகர்த்தும். நீங்கள் விலகி நின்றது ஒரு தாளிலிருந்து மட்டும்தான்.

இது என் சொந்த யோசனை என்று நினைத்துவிட வேண்டாம். உச்ச நீதிமன்றம் 1969லேயே இதைச் சொல்லிவிட்டது. கிரைபக் வழக்கு என்று சட்டக் கல்லூரியில் எல்லாரும் படிப்பார்கள். ஜம்மு காஷ்மீரில் இந்திய வனப் பணிக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஒரு குழு போட்டார்கள். அந்த மாநிலத்தின் தற்காலிகத் தலைமை வனப் பாதுகாவலர் குழுவிலும் இருந்தார், பணிக்கு விண்ணப்பித்தவர்களிலும் ஒருவராக இருந்தார். தன் பெயர் வந்தபோது அவர் குழுவில் உட்காரவில்லை. ஆனால் தன்னோடு போட்டியிட்டவர்களின் பெயர்கள் வந்தபோது உட்கார்ந்தார், வரிசைப் பட்டியல் தயாரானபோதும் உட்கார்ந்தார். தேர்வு செல்லாது என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு சொல்லிவிட்டது. ஒரு குழுவாக உட்கார்ந்து பேசும்போது ஒருவர் மற்றவர்களின் மனதை எப்படி, எந்த அளவு திருப்புகிறார் என்பதை அளந்து காட்ட முடியாது. அதனால் உண்மையிலேயே ஓரவஞ்சனை நடந்ததா என்று தேடுவதில் பயனில்லை, நடக்க நியாயமான வாய்ப்பு இருந்ததா என்றுதான் பார்க்கவேண்டும். தீர்ப்பு நின்றது அந்த இடத்தில்.

1984இல் ஒரிசாவிலிருந்து வந்த வழக்கு நம்மைப் போன்ற குழுக்களுக்கு இன்னும் நெருக்கமானது. பள்ளி நூலகங்களுக்கு அரசு வாங்கவேண்டிய புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில், தங்கள் புத்தகங்களையே தேர்வுக்குக் கொடுத்திருந்த எழுத்தாளர்களும் இருந்தார்கள். அவரவர் புத்தகம் வரும்போது அவரவர் விலகிக்கொண்டால் என்ன தப்பு என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. உன்னுடையதை நான் விடுகிறேன், என்னுடையதை நீ விடு என்று ஒரு வார்த்தைகூடப் பேசாமலே உடன்பாடு வந்துவிடும் என்றது. உங்கள் குழுவையே நினைத்துப் பாருங்கள். நீங்கள் வெளியே நிற்கும்போது உள்ளே இருக்கும் எட்டுப் பேரில் எத்தனை பேருக்கு, நாளைக்குத் தங்கள் வீட்டுப் பிள்ளையின் விண்ணப்பத்தோடு செயலாளர் டீச்சர் முன்னால் வந்து நிற்கவேண்டி இருக்கும்?

அடுத்த ஆண்டே, ஹரியானா அரசுப் பணியாளர் தேர்வாணைய வழக்கில், இதற்கு ஒரு விதிவிலக்கும் கிடைத்தது. தேர்வாணையம் அரசியல் சட்டம் உருவாக்கிய அமைப்பு. அதன் உறுப்பினருக்குப் பதில் வெளியாள் ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைக்க முடியாது. அதனால் அங்கே உறவினரின் நேர்காணலின்போது மட்டும் விலகினால் போதும் என்றார்கள். ஆனால் அதே தீர்ப்பு, சாதாரணத் தேர்வுக் குழு என்றால் நெருங்கிய உறவினர் விண்ணப்பித்திருக்கும் உறுப்பினர் தேர்வு முழுவதிலிருந்தும் விலகவேண்டும், அவருக்குப் பதில் வேறொருவரைப் போடும்படி கேட்கவேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. உங்கள் தலைவர் சொல்லும் வழி தேர்வாணையத்துக்கு உரியது. உங்கள் குழுவில் ஒருவருக்குப் பதில் இன்னொருவரைப் போட எந்தத் தடையும் இல்லையே.

இந்தத் தீர்ப்புகள் அரசு அமைப்புகளைப் பற்றியவை. தனியார் அறக்கட்டளை மேல் யாரும் இதே வழியில் வழக்குப் போடப்போவதில்லை. வழக்கு வருமா வராதா என்பது எனக்குப் பெரிதில்லை. பஞ்சாலைக்குப் போகும் அம்மாவின் மகளுக்கு, அரசுக் குழுவில் கிடைக்கும் நியாயம் சொந்த ஊர்க் குழுவில் கிடைக்கக்கூடாதா என்பதுதான் என் கேள்வி.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். விண்ணப்பம் வாங்குவதும் சரிபார்ப்பதும் நீங்கள்தான் என்கிறீர்கள். கூட்டத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது இந்த இடம்தான்.

குழுக்களில் பாரபட்சம் பெரும்பாலும் ஓட்டுப் போடும்போது நடப்பதில்லை. அதற்கு முன்பே, வீட்டுத் திண்ணையிலோ சாப்பாட்டு மேசையிலோ விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்கும்போது நடந்து முடிந்துவிடுகிறது. தணிக்கைக் காலத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு விண்ணப்பங்கள், இரண்டிலும் வருமானச் சான்று இல்லை. ஒன்றின் மேல் பென்சிலில் “போன் செய்தாயிற்று, திங்கள் தருவார்” என்று எழுதியிருந்தது. இன்னொன்றின் மேல் சிவப்பு மையில் “சான்று இணைக்கப்படவில்லை – தள்ளுபடி.” எழுதிய கை ஒன்றுதான். அவர் பொய் சொல்லவில்லை, காசு வாங்கவில்லை. முதல் வீட்டின் போன் நம்பர் அவர் கைபேசியில் ஏற்கெனவே இருந்தது, இரண்டாவது வீட்டுடையது இல்லை. அவ்வளவுதான் நடந்தது. தள்ளுபடியான அந்த விண்ணப்பம் குழுவின் முன்னால் வரவே இல்லை. வராத தாளுக்காக யார் பேசுவார்கள்?

உங்கள் தங்கை மகளின் விண்ணப்பத்தில் ஏதாவது விடுபட்டிருந்தால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். முதல் பட்டதாரி சான்று இல்லையென்றால், “இ-சேவை மையத்துக்குப் போய் எழுதிப் போட்டுட்டு வா” என்று சாயங்காலமே சொல்லிவிடுவீர்கள். பெரியம்மா சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? அதில் தப்பே இல்லை. ஆனால் மற்ற 69 வீடுகளுக்கும் அப்படிச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. ஆகவே நீங்கள் விலகுவது கூட்டத்து நாளில் தொடங்கினால் பயனில்லை. விண்ணப்பக் கட்டு இன்றைக்கே உங்கள் கையை விட்டுப் போகவேண்டும். கட்டை வாங்கிக்கொள்பவர், சான்று விடுபட்ட எல்லாருக்கும் ஒரே நாளில் தகவல் சொல்லி, எல்லாருக்கும் ஒரே கெடு கொடுக்கட்டும். நீங்கள் ஏற்கெனவே யாரையாவது தள்ளுபடி செய்து வைத்திருந்தால் அந்தத் தாள்களையும் திரும்ப எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பொருளாளர் கேட்டதும் நியாயமான கேள்விதான். அதை லேசாக ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. நம் ஊர்களில் பெண் கொடுத்து, பெண் எடுத்து, மூன்று தலைமுறையில் எல்லாரும் யாருக்காவது மாமன், மச்சான், சம்பந்தி ஆகிவிடுகிறோம். எல்லா உறவுக்கும் வெளியே போவதென்றால் அறையில் நாற்காலிதான் மிஞ்சும். அதனால் எங்கே கோடு போடுவது என்பதை விண்ணப்பம் வரும் முன்பே எழுதி வைத்துவிடவேண்டும்.

நம் முன்னோர் இதைச் செய்திருக்கிறார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றால் குடவோலையைத்தான் எல்லாரும் சொல்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய அந்த விதிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒரு பகுதி. வாரியம் என்ற ஊர்ச் சபைக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது, அவருடைய உறவினரும் வரக்கூடாது என்கிறது கல்வெட்டு. உறவினர் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகரவில்லை. சின்னம்மா பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயுடன் பிறந்தவர், தகப்பனுடன் பிறந்தவர், மாமனார், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன், மருமகன் என்று ஒவ்வொன்றாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அது நிலம் உள்ள பிராமணர்களின் சபை, ஊரில் மற்றவர்களுக்கு அதில் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் “நெருங்கிய உறவு” என்று மொட்டையாக எழுதினால் ஆளுக்கு ஒரு அர்த்தம் சொல்வார்கள் என்பது ஆயிரம் வருடத்துக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் குழுவுக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். என் யோசனை இது: பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், கணவன் அல்லது மனைவி பக்கத்தில் இதே உறவுகள், பேரப்பிள்ளைகள், சம்பந்தி வீடு. இந்த வட்டத்துக்குள் ஒரு விண்ணப்பம் இருந்தால் உறுப்பினர் அந்த ஆண்டு முழுக்க விலகவேண்டும். அதற்கு வெளியே உள்ள பங்காளி, ஒன்றுவிட்ட சொந்தம், தெருக்காரர் என்றால் குழுவில் சொல்லிவிட்டு, அந்தத் தாளுக்கு மட்டும் மதிப்பெண் போடாமல் இருந்தால் போதும். நர்சிங்குக்கு இத்தனை, பாலிடெக்னிக்குக்கு இத்தனை, கலைக் கல்லூரிக்கு இத்தனை என்று பணத்தை முதலிலேயே தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தால், உங்களைப் போன்றவர் நர்சிங் பிரிவிலிருந்து மட்டும் விலகி மற்றவற்றில் உட்காரலாம். ஒரே பையில் பணம் இருந்தால் அதற்கு வழியில்லை.

உங்கள் தங்கை மகள் எந்த வட்டத்தில் வருகிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் உங்களைக் கூப்பிடும் சொல்லுக்குள்ளேயே ‘அம்மா’ இருக்கிறது.

இதில் வருமான வரிச் சங்கதி ஒன்றும் உண்டு. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளையின் பணம் அறங்காவலருக்கோ, அதை நிர்வகிப்பவருக்கோ, அவர்களுடைய உறவினருக்கோ பலனாகப் போனால் விலக்கு பறிபோகலாம் என்றது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. அங்கே ‘உறவினர்’ என்பதில் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளையும் சேர்த்திருந்தார்கள். செயலாளர் என்ற முறையில் நீங்கள் நிர்வகிப்பவர் கணக்கில் வருவீர்களா, இப்போதைய சட்டத்தில் இது எப்படி இருக்கிறது என்பதை அறக்கட்டளையின் ஆடிட்டரிடம் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். விளைவு உங்கள் வீட்டோடு நிற்காது, 25 பிள்ளைகளின் பணத்தையும் தொடும்.

உறவை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளும் குழுக்கள் ஒன்றை விட்டுவிடுகின்றன. வட்டிக்குக் கொடுத்திருப்பவர் குழுவில் இருந்தால், கடன் வாங்கிய வீட்டுப் பிள்ளைக்கு உதவித்தொகை கிடைப்பதில் அவருக்கு லாபம் இருக்கிறது. தனியார் கல்லூரிக்கு ஆள் சேர்த்துக் கொடுத்து கமிஷன் வாங்குபவர் இருந்தால், எந்தப் பிள்ளை எந்தக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறது என்பது அவருக்குச் சும்மா ஒரு தகவல் இல்லை. பெரிய தொகை கொடுத்த நன்கொடையாளர், “இந்தப் பையனைக் கொஞ்சம் பாருங்க” என்று போன் செய்தால், அந்தப் போனையும் குழுவில் சொல்லிப் பதிவு செய்யவேண்டும். பகையும் இதில் சேர்த்திதான். வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போயிருக்கும் இரண்டு வீடுகளில் ஒருவர் குழுவில் இருக்க, மற்றவரின் மகள் விண்ணப்பித்தால் அவர் விலகவேண்டாமா? நலன் முரண் என்று பத்திரிகைகளில் எழுதும் சொல்லுக்குள் இத்தனையும் அடங்கும். ஊர்க் குழுவில் அதைக் கேட்க எளிய வழி ஒன்று உண்டு. விண்ணப்பித்தவர்களின் பெயர், தகப்பன் பெயர், தெரு ஆகியவற்றை மட்டும் முதலில் வாசியுங்கள். “இவர்களில் யாருக்குக் கிடைத்தால், அல்லது கிடைக்காவிட்டால், உங்கள் வீட்டில் ஏதாவது மாறும்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி வாங்குங்கள். இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

ஒன்பது பேரில் ஐந்து பேர் இப்படி விலகவேண்டி வந்தால்? வரட்டும். பக்கத்து ஊர்த் தலைமையாசிரியர் ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், உங்கள் ஊரில் பெண் கொடுக்காத, எடுக்காத ஒரு வி.ஏ.ஓ. என்று வெளியூர் ஆட்கள் மூன்று பேரை வருடத்துக்கு ஒரு நாள் அழைப்பது நடக்காத காரியம் இல்லை. சாப்பாடு போட்டு பஸ் செலவு கொடுத்தால் வருவார்கள். நான் இருந்த குழுவில் அந்த 6 மதிப்பெண்ணுக்குப் பிறகு அப்படித்தான் செய்தோம். வெளியூர்க்காரர்கள் கேட்ட கேள்விகள் எங்களுக்குத் தோன்றவே இல்லை. அந்த வீட்டு நிலைமைதான் எங்களுக்குத் தெரியுமே என்று நாங்கள் தாண்டிப்போன விண்ணப்பங்களை அவர்கள் நிறுத்தி வாசித்தார்கள்.

கடைசியாக, உங்கள் தங்கையின் பயம். அது பொய்யான பயம் இல்லை. நேர்மையான ஆட்கள் சிலர், பேர் கெட்டுவிடும் என்று பயந்தே சொந்தப் பிள்ளையைத் தள்ளிவிடுவார்கள். சபையில் மெச்சுவார்கள், செலவு அந்தப் பிள்ளையுடையது. உங்கள் தங்கை மகளிடம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறச் சொல்லாதீர்கள். விதிப்படி தகுதியுள்ள பிள்ளை விண்ணப்பிக்கலாம், பெரியம்மா குழுவில் இருப்பது அவள் செய்த குற்றம் இல்லை. நீங்கள் முழுக்க விலகிவிட்டால்தான் அவளுக்கும் அது பாதுகாப்பு. கிடைத்தால், “டீச்சர் வீட்டுப் பொண்ணு, அதான்” என்று யாரும் சொல்ல முடியாது. கிடைக்காவிட்டால், உங்களுக்கு வந்த பயத்தால் கிடைக்கவில்லையோ என்று அவள் நினைக்கவேண்டி வராது. தங்கையிடம் நேரில் போய் இதைச் சொல்லுங்கள். பட்டியல் ஒட்டும் நாள் வரை, “என்னாச்சு, எப்படிப் போச்சு” என்று உங்களைக் கேட்கவேண்டாம் என்றும் சொல்லுங்கள். உங்களுக்கே தெரியாமல் இருப்பதுதான் சரி. மற்ற உறுப்பினர்களும் உங்களிடம் வாய் விடக்கூடாது.

தீர்மானப் புத்தகத்தில் எழுதவேண்டியது மூன்று வரிதான்: செயலாளரின் தங்கை மகள் விண்ணப்பித்துள்ளதால், விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது முதல் பட்டியல் வெளியிடுவது வரை இந்த ஆண்டுத் தேர்வு எதிலும் அவர் பங்கேற்கமாட்டார், அவருக்குப் பதிலாக இன்னார் செயல்படுவார், விண்ணப்பங்கள் மொத்தம் இத்தனை, இந்தத் தேதியில் ஒப்படைக்கப்பட்டன. தலைவர் கையெழுத்துப் போடட்டும், நீங்களும் போடுங்கள்.

கட்டை ஒப்படைக்கும்போது விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுங்கள். வந்த தேதியும் வரிசை எண்ணும் எழுதிய பதிவேட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வாரமே செய்துவிடுங்கள். புதிதாக வருபவருக்கு எல்லா வீட்டுக்கும் போன் செய்து முடிக்க இரண்டு வாரமாவது வேண்டும்.